ஒரு நெகட்டிவ் வந்த வழி

சென்னை முகப்பேரில் ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு என்றால் காலையில் கொடுத்துவிட்டு மாலையில் ரிப்போர்ட் வாங்கிவிடலாம். டாக்டர் சீட்டில் 'அசிட்டைல்கோலின் ரிசெப்டர் ஆன்டிபாடி' என்று எழுதியிருந்தால் மட்டும் கவுன்ட்டரில் இருக்கும் பெண் கம்ப்யூட்டரில் இரண்டு தடவை தேடுவார். "இது இங்க பண்றதில்லைங்க. வெளியூர் லேபுக்கு அனுப்பணும். நாலஞ்சு நாள் ஆகும், பரவாயில்லையா?" என்பார். பரவாயில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அந்தச் சீட்டோடு அங்கே வந்து நிற்கிறவர் அதற்குள் கண் டாக்டர், தைராய்டு டாக்டர், சில சமயம் மனநல டாக்டர் வரை பார்த்து முடித்திருப்பார். நாலு நாள் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

அப்புறம் ஒரு நாள் வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். வந்து விழும். ஒரு எண், பக்கத்தில் 'நெகட்டிவ்'. அந்த ஒற்றைச் சொல் எங்கே பிறந்தது, எந்தெந்த ஊர் சுற்றி முகப்பேருக்கு வந்து சேர்ந்தது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். வரும் வழியில் அது ஒரு முக்கியமான விஷயத்தைத் தொலைத்துவிட்டு வருகிறது.

முதலில் நோய். மயஸ்தீனியா கிராவிஸ் என்று பெயர். நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்கும்போது நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் வெளியேறும். தசையின் மேல் அதைப் பிடித்துக்கொள்ள ஏற்பிகள் உண்டு. அவை பிடித்தால்தான் தசை சுருங்கும். இந்த நோயில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஆன்டிபாடிகளை உண்டாக்கி அந்த ஏற்பிகளைத் தாக்குகிறது. தசை முதலில் ஒழுங்காக வேலை செய்யும். செய்யச் செய்ய ஓயும். சற்று ஓய்வு கொடுத்தால் திரும்பவும் வரும். காலையில் திறந்திருக்கும் இமை சாயங்காலம் தொங்கும். முதல் சில கவளம் இறங்கும், அதற்குமேல் மெல்லத் தாடை மறுக்கும். பேசப் பேசக் குரல் மூக்கால் வரும். தலைவாரக் கையைத் தூக்கினால் பாதியிலேயே கை கீழே வந்துவிடும். மரத்துப்போகாது, பெரிதாக வலிக்காது. வலியில்லாத நோயை நம் வீடுகளில் யாரும் நோயாகவே கணக்கில் எடுப்பதில்லை.

1980களில் அமிதாப் பச்சனுக்கு வந்தபோது இந்தியாவில் பலர் இந்தப் பெயரை முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள். அபூர்வ நோய்தான். உலகக் கணக்கில் பத்து லட்சம் பேரில் சுமார் 150 முதல் 250 பேருக்கு இருக்கிறது என்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் அன்றைய அம்பத்தூர் நகராட்சியின் மக்கள்தொகை 4 லட்சத்து 66 ஆயிரம். அந்த விகிதம் இங்கேயும் பொருந்தும் என்றால், அந்த எல்லைக்குள் மட்டும் எழுபதிலிருந்து நூறு பேருக்குமேல் இருக்க வேண்டும். அபூர்வம்தான், ஆனால் பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்காரும் அளவுக்கு அருகில் உள்ள அபூர்வம்.

இனி சோதனை வந்த கதை. 1934-இல் லண்டனின் கிரீனிச் பகுதியில், செயின்ட் ஆல்ஃபெஜ் மருத்துவமனையில், மேரி வாக்கர் என்ற மருத்துவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய பேராசிரியர் ஒன்றும் இல்லை. இந்த நோயாளிகள், தென்னமெரிக்கப் பழங்குடிகள் அம்பு நுனியில் தடவும் கியூராரே விஷம் ஏறியவர்களைப் போலவே இருக்கிறார்களே என்று அவருக்குப் பட்டது. அப்படியானால் கியூராரேவின் மாற்று மருந்து இவர்களுக்கும் கேட்க வேண்டும் அல்லவா? ஃபைசோஸ்டிக்மினை ஊசியாகப் போட்டார். தொங்கிய இமை மேலே போனது. மறுவருடம் நியோஸ்டிக்மினிலும் அதே பலன். அந்தக் காலத்தில் ஆன்டிபாடி சோதனை கிடையாது, ரிப்போர்ட் கிடையாது. கண்ணால் பார்த்தார், மருந்து கொடுத்தார், திரும்பவும் பார்த்தார். இந்த நோயும் சில விஷங்களும் உடம்பில் ஒரே இடத்தில்தான் கைவைக்கின்றன என்பது அன்றே தெரிந்துவிட்டது. ஏன் கைவைக்கின்றன என்பது தெரிய நாற்பது வருடம் ஆனது. கிளாஸ்கோவின் ஜான் சிம்ப்சன் 1960-இல், உடம்பே தன் ஏற்பிகளுக்கு எதிராக ஆன்டிபாடி செய்கிறது என்று ஊகித்துச் சொன்னார். ஏற்பியைக் கையில் எடுத்துக் காட்ட யாராலும் முடியாததால் அது ஊகமாகவே நின்றது.

ஏற்பியைப் பிடித்துக் கொடுத்தது ஒரு பாம்பு. தைவானில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஒரு கட்டுவிரியன் உண்டு, நம்மூர்க் கட்டுவிரியனுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். அதன் விஷத்தைத் தேசியத் தைவான் பல்கலைக்கழகத்தில் சாங், லீ என்ற இருவர் கூறு கூறாகப் பிரித்து, 1963-இல் ஆல்ஃபா-பங்கரோடாக்சின் என்ற புரதத்தை வெளியே எடுத்தார்கள். தசையின் அசிட்டைல்கோலின் ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்வதுதான் அதன் ஒரே வேலை. ஒட்டினால் லேசில் விடாது. கடிபட்டவருக்கு அது எமன். ஆராய்ச்சிக்காரர்களுக்கோ, கூட்டத்துக்குள் மறைந்திருக்கும் ஏற்பியைத் தொட்டுக் காட்டுகிற விரல். விஷத்தில் கொஞ்சம் கதிரியக்க அயோடினைச் சேர்த்துவிட்டால், ஏற்பி எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று எண்ணியே பார்த்துவிடலாம்.

விஷம் தைவானிலிருந்து பாரிஸுக்குப் போனது. அங்கே ஜான்-பியர் ஷான்ஷூ, லீயோடு சேர்ந்து, மின்விலாங்கு மீனின் மின்னுறுப்பிலிருந்து ஏற்பியை அடையாளம் காட்டினார். அந்த உறுப்பு தசை திரிந்து உண்டானது. அதில் ஏற்பிகள் மண்டிக் கிடக்கும். பிறகு கலிஃபோர்னியா. சால்க் ஆய்வகத்தில் ஜிம் பேட்ரிக், ஜான் லிண்ட்ஸ்ட்ராம் இருவரும் மீனின் ஏற்பியை முயல்களுக்கு ஊசி போட்டார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஏற்பியை ஆராய உதவும் ஆன்டிபாடி. முயல்கள் ஆன்டிபாடியையும் செய்தன. கூடவே தளர்ந்து, தலை தொங்கி, படுத்தும்விட்டன. மயஸ்தீனியா நோயாளிகளுக்குக் கொடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது எழுந்தன. தேடிப் போனது ஒன்று, கைக்கு வந்தது ஒரு நோயின் முழு விளக்கம். இது 1973.

அதே 1973-இல் 'சயின்ஸ்' இதழில் இன்னொரு கட்டுரை வந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸின் டேனியல் டிராக்மனும் உடன் உழைத்தவர்களும், அயோடின் ஏற்றிய அதே பாம்பு விஷத்தை வைத்து நோயாளிகளின் தசைத் துணுக்குகளில் ஏற்பிகளை எண்ணினார்கள். சாதாரணமாக இருக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் கட்டுரையை எழுதிய மூவரில் ஒருவர் பெயர் சத்தியமூர்த்தி. மருத்துவ வரலாற்றைச் சொல்கிறவர்கள் அவர் பெயரைப் பெரும்பாலும் 'மற்றும் பலர்' என்பதற்குள் அடக்கிவிடுகிறார்கள் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

இனி ஒரு படிதான் பாக்கி. 1976-இல் லிண்ட்ஸ்ட்ராம், வாண்டா லென்னான் முதலியோர் இதை ரத்தப் பரிசோதனையாக மாற்றினார்கள். மனிதத் தசையின் ஏற்பியைக் கரைத்து எடுத்து, அதன்மேல் கதிரியக்க விஷத்தை ஒட்டி, அதில் நோயாளியின் சீரத்தை விடுவது. சீரத்தில் ஆன்டிபாடி இருந்தால் ஏற்பியைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை வண்டலாக இறக்கி, எவ்வளவு கதிர் வருகிறது என்று அளந்தால் விடை கிடைத்துவிடும். ஏற்பிக்கான மனிதத் தசை அப்போது எங்கிருந்து வந்தது தெரியுமா? ரத்த ஓட்டம் கெட்டு அறுவை செய்து நீக்கப்பட்ட கால்களிலிருந்து. பிற்பாடுதான் ஆய்வகத்தில் வளரும் மனித உயிரணுக்கள் அந்த வேலைக்கு வந்தன.

அந்த முதல் கட்டுரையில் 71 நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்திருந்தார்கள். 87 சதவீதத்தில் ஆன்டிபாடி இருந்தது. மீதி 13 சதவீதத்தில் இல்லை. அவர்களும் மயஸ்தீனியா நோயாளிகள்தான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதாவது இந்தச் சோதனை தன் பிறப்புச் சான்றிதழிலேயே தன் குறையை எழுதிக்கொண்டு பிறந்தது. நூறு நோயாளிகளில் பதின்மூன்று பேரை நான் காணமாட்டேன் என்று அன்றே சொல்லிவிட்டது. ஐம்பது வருடத்தில் கண்டம் விட்டுக் கண்டம் வந்தபோது சோதனை பத்திரமாக வந்து சேர்ந்தது. அந்த 13 சதவீதம்தான் வழியில் விழுந்துவிட்டது.

இப்போது முகப்பேரில் எடுத்த ரத்தத்தின் பின்னால் போவோம். மஞ்சள் மூடிக் குழாயில் ரத்தம் பிடித்து, உறையவிட்டு, சுழல் இயந்திரத்தில் சுற்றிச் சீரத்தைப் பிரிப்பார்கள். தெர்மாகோல் பெட்டியில் குளிர்ப் பொட்டலங்களுக்கு நடுவே வைத்து, பைக்கில் வரும் பையன் எடுத்துப் போவான். பாடி மேம்பாலமோ திருமங்கலம் சிக்னலோ, அந்த நேரத்து நெரிசலில் எங்கே மாட்டினாலும் பெட்டிக்குள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நகரத்தில் இருக்கும் மையத்தில் பார்கோடு ஒட்டி, விமானத்தில் ஏற்றி, டெல்லி பக்கமோ மும்பைக்கோ அந்த நிறுவனத்தின் தலைமை ஆய்வகம் எங்கே இருக்கிறதோ அங்கே அனுப்புவார்கள். அபூர்வ நோயின் சோதனை என்பதால் ஒரே ஒரு குழாய்க்காக இயந்திரத்தை ஓட்டமாட்டார்கள். போதுமான எண்ணிக்கை சேரும்வரை குழாய் குளிரில் காத்திருக்கும்.

அங்கே 1976-இன் பாம்பு விஷ முறை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அயோடின்-125 சுமார் 60 நாளில் பாதியாகத் தேய்ந்துவிடும் சரக்கு. வாங்கி அலமாரியில் வைத்திருக்க முடியாது. கதிரியக்கப் பொருளைக் கையாள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியும் வேண்டும். அதனால் பல ஆய்வகங்கள் கதிரியக்கம் இல்லாத எலிசா முறைக்குப் போய்விட்டன. வசதியானது, பத்திரமானது, நுட்பத்தில் பழைய முறையைவிடச் சற்றுக் குறைவு என்று ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். விடை லிட்டருக்கு இத்தனை நானோமோல் என்று வரும். ஏறக்குறைய 0.4, 0.5 என்ற இடத்தில் கோடு போட்டிருப்பார்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் கோடு கொஞ்சம் நகரும். கோட்டுக்குக் கீழே என்றால் நெகட்டிவ். பல ரிப்போர்ட்டுகளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பும் இருக்கும்: நெகட்டிவ் என்பதால் நோய் இல்லை என்று கொள்ளக் கூடாது, நோயாளியின் நிலையோடு சேர்த்துப் பார்க்கவும் என்று. தொலைந்துபோன 13 சதவீதம் அந்தப் பொடி எழுத்தில்தான் கிடக்கிறது. கைப்பேசித் திரையில் அதைப் பெரிதாக்கிப் படிப்பவர் யார்? தடித்த எழுத்தில் இருக்கும் ஒரு சொல்தான் கண்ணில் படும். டாக்டருக்கும் அப்படித்தான்.

வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை என்றால் அந்தத் தெருவில் அப்படி ஓர் ஆளே இல்லை என்று நாம் யாரும் சொல்வதில்லை. ரத்தப் பட்டியலுக்கு மட்டும் அந்த மரியாதையைக் கொடுத்துவிடுகிறோம்.

ஆன்டிபாடி ஏன் சிக்குவதில்லை என்பதற்குக் கிடைத்த விடைகள் சுவாரசியமானவை. 1986-இல் ஆக்ஸ்ஃபோர்டு குழு, சோதனையில் நெகட்டிவ் ஆன நோயாளிகளின் ரத்தத்திலிருந்து ஆன்டிபாடிப் பகுதியைப் பிரித்து எலிகளுக்குள் செலுத்தியது. எலிகளின் நரம்பு-தசைத் தொடர்பு கெட்டது. அப்படியானால் அந்த ரத்தத்தில் ஏதோ ஒரு ஆன்டிபாடி இருக்கத்தான் செய்கிறது, நாம் தேடும் இடம்தான் தவறு. 2001-இல் வெர்னர் ஹோக், ஏஞ்சலா வின்சென்ட் முதலியோர் அந்த இன்னொரு இடத்தைக் கண்டுபிடித்தார்கள்: ஏற்பிக்குப் பக்கத்திலேயே இருக்கும் மஸ்க் என்ற புரதம். 2011-இல் ஜப்பானிலிருந்து எல்.ஆர்.பி.4 என்ற மூன்றாவது இடம் வந்தது.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 2008-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கண்டது. பழைய சோதனையில் ஏற்பியைத் தசையிலிருந்து கரைத்து, திரவத்தில் தனித்தனியாக மிதக்க விடுகிறார்கள். உடம்பில் ஏற்பிகள் அப்படி இருப்பதில்லை. நரம்பு தொடும் இடத்தில் ஒரு சதுர மைக்ரானுக்குப் பத்தாயிரம் என்ற கணக்கில் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. பிடிப்புக் குறைந்த சில ஆன்டிபாடிகளால் தனியாக மிதக்கும் ஏற்பியைப் பிடித்து வைத்திருக்க முடியாது. நெருக்கமாக நிற்கும் கூட்டத்தில், ஒரே நேரத்தில் இரண்டு ஏற்பிகளைப் பற்றிக்கொண்டால்தான் நிற்கும். ஆகவே உயிருள்ள செல்லின் மேல் ஏற்பிகளைக் கூட்டமாக நிற்கவைத்து, நோயாளியின் சீரத்தை விட்டு, நுண்ணோக்கியில் ஒளிர்கிறதா என்று பார்த்தார்கள். நெகட்டிவ் என்று கைவிடப்பட்டவர்களில் கணிசமானோரின் ரத்தம் ஒளிர்ந்தது. நோயாளி மாறவில்லை, ரத்தம் மாறவில்லை; கேள்வி கேட்ட விதம் மட்டும் மாறியது. இந்த உயிரணு முறைச் சோதனை இன்னும் எல்லா ஆய்வகத்திலும் கிடைப்பதில்லை. மஸ்க் சோதனை கிடைக்கும். ஆனால் அது தனிச் சோதனை, தனிக் கட்டணம், டாக்டர் தனியாக எழுத வேண்டும். முதல் ரிப்போர்ட் நெகட்டிவ் என்றதும் பேச்சு முடிந்துவிட்டால் இரண்டாவது சீட்டு எழுதப்படவே போவதில்லை.

கண்ணோடு மட்டும் நிற்கும் மயஸ்தீனியாவில் கணக்கு இன்னும் மோசம். அந்த வகையினரில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் சோதனை பாசிட்டிவ் ஆகும். பாதிக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு நோய் கண்ணில்தான் தொடங்குகிறது. ஆக, சோதனை மிகவும் தேவைப்படுகிற ஆரம்ப கட்டத்தில்தான் அது மிகவும் பலவீனமாக இருக்கிறது.

இவ்வளவையும் படித்துவிட்டு யோசிக்கும்போது திரும்பவும் பாம்பிடமே வந்து நிற்கிறேன். முகப்பேரிலிருந்து மேற்கே ஆவடி, திருநின்றவூர் தாண்டினால் திருவள்ளூர். வயலும் ஏரிக்கரையும் இருக்கும் இடங்களில் கட்டுவிரியனும் இருக்கிறது. அது இரவில் வரும். தரையில் பாய் விரித்துத் தூங்குபவரைக் கடிக்கும். கடித்தது தெரியாது, வலி இருக்காது, பல்தடம் பெரும்பாலும் கண்ணில் படாது. விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று எழுவார். பேச்சு குழறும், இமை தொங்கும். அரசு மருத்துவமனைக்குத் தூக்கி வருவார்கள். "பாம்பு கடிச்சதா?" என்றால் "இல்லைங்க, ஒண்ணும் கடிக்கலை" என்பார்கள். பாம்பையும் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள், தடமும் இருக்காது. அனுபவப்பட்ட டாக்டர் இமையைப் பார்ப்பார். எங்கே படுத்தீர்கள் என்று கேட்பார். கட்டுவிரியன் என்று முடிவு செய்து வைத்தியத்தை ஆரம்பித்துவிடுவார். தடம் காணவில்லை என்பதற்காக யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. அனுப்பினால் என்ன ஆகும் என்று அந்த ஆஸ்பத்திரிகளுக்கு நன்றாகத் தெரியும்.

பாம்புக்கடிக்கான நம் தேசிய நெறிமுறையில் நியோஸ்டிக்மின் சோதனையும் இருக்கிறது: அட்ரோபினோடு சேர்த்து நியோஸ்டிக்மின் ஊசி, ஒரு மணி நேரம் இமையைக் கவனிப்பது. நல்லபாம்புக் கடியில் இது நன்றாகக் கேட்கும். கட்டுவிரியன் விஷம் நரம்பின் நுனியையும் சேர்த்தே கெடுப்பதால் அதில் அவ்வளவாகக் கேட்காது. மேரி வாக்கர் பயன்படுத்திய அதே மருந்து, அதே இமை, அதே முறை. வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நல்லபாம்பு, கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியனோடு கட்டுவிரியனின் விஷத்தையும் எடுத்து, விஷமுறிவு மருந்து செய்பவர்களுக்குக் கொடுக்கிறது. ஆக, தொங்கும் இமையைப் படிக்கத் தெரிந்த மருத்துவம் நமக்கு வெளிநாட்டுச் சரக்கு அல்ல. சென்னையைச் சுற்றியே இருக்கிறது. அதே இமை திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் விடியற்காலையில் வந்தால் நம்புகிறோம். நகரத்துக் கிளினிக்கில் ரிப்போர்ட்டோடு வந்தால் ரிப்போர்ட்டைத்தான் நம்புகிறோம். எனக்கு இதில் விளங்காத இடம் அதுதான்.

நகரத்தில் இன்னொரு சங்கடம் நேரம். டாக்டரைக் காலையில் பார்க்கிறோம். இரவு முழுக்க ஓய்ந்து எழுந்த இமை காலை பத்து மணிக்கு நிமிர்ந்துதான் இருக்கும். கிளினிக்கின் ஏ.சி. குளிரில் இன்னும் நன்றாக இருக்கும், ஏனென்றால் இந்த நோய் சூட்டில் மோசமாகும், குளிரில் தெளியும். மே மாத வெயிலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் மிஷின் முன்னால் எட்டு மணி நேரம் நின்ற ஒருவரின் இமையும், மறுநாள் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கும் அவருடைய இமையும் ஒன்றல்ல. "நல்லாத்தானே இருக்கீங்க" என்று டாக்டர் சொன்னால் அவரிடம் பதில் இருக்காது. பெண்ணாக இருந்தால் கூடவே "வீட்ல ஏதாவது டென்ஷனாம்மா?" என்ற கேள்வியும் வரும். இந்த நோய் இளம் பெண்களையும் வயதான ஆண்களையும்தான் அதிகம் பிடிக்கிறது. முதல் கூட்டத்துக்கு டென்ஷன், இரண்டாவது கூட்டத்துக்கு வயசாச்சு. இரண்டு பதிலும் தயாராக இருக்கின்றன.

குளிரின் இந்தக் குணத்தையே சோதனையாக்கிக்கொள்ளலாம். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, மூடிய இமைமேல் இரண்டு நிமிடம் வைப்பார்கள். இமை இரண்டு மில்லிமீட்டராவது உயர்ந்தால் மயஸ்தீனியா பக்கம் சந்தேகம் வலுக்கும். செலவு ஒன்றும் இல்லை. ஆனால் அதே குளிர் இன்னொரு சோதனையைக் கெடுத்துவிடும். நரம்பை விநாடிக்கு இரண்டு மூன்று தடவை மின்சாரத்தால் தட்டி, தசையின் பதில் படிப்படியாகக் குறைகிறதா என்று பார்ப்பது ஆர்.என்.எஸ். சோதனை. பத்து சதவீதத்துக்குமேல் குறைந்தால் பாசிட்டிவ். கை சில்லிட்டிருந்தால் அந்தக் குறைவு தெரியாமல் போகலாம். முகத்தில் நோய் இருக்க, கையை மட்டும் சோதித்தாலும் தெரியாது. இந்த நோய்க்கான மாத்திரையை நிறுத்தாமல் வந்தாலும் தெரியாது. இப்படி இரண்டாவது நெகட்டிவ் வந்துவிட்டால் கதை முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதைவிடக் கூர்மையானது ஒற்றைத் தசைநாரை அளக்கும் இ.எம்.ஜி. முகத் தசையில், கைதேர்ந்தவர் செய்தால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் குறையாமல் காட்டிக்கொடுக்கும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் பெரிய நரம்பியல் மையங்களில்தான் இருக்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். களைப்பாக இருக்கிறது என்பவர்களெல்லாம் மயஸ்தீனியா நோயாளிகள் அல்ல. ரத்தசோகை, தைராய்டு, தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாம் களைப்பைத் தரும். எண்ணிக்கையில் அவைதான் பல மடங்கு அதிகம். மயஸ்தீனியாவில் முழு உடம்புச் சோர்வைவிட, குறிப்பிட்ட தசை வேலையால் ஓய்ந்து, ஓய்வால் திரும்புவதுதான் அடையாளம். ஆன்டிபாடி இல்லாத சிலருக்குப் பிறவியிலேயே மரபணுக் கோளாறால் இதே போன்ற பலவீனம் இருக்கலாம். அவர்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் பலனில்லை, பக்கவிளைவு மட்டும் மிஞ்சும். நெகட்டிவ் என்ற ஒரே காரணத்துக்காக நோயைத் தள்ளுவது எவ்வளவு தவறோ, களைப்பு என்ற ஒரே காரணத்துக்காக நோயை ஒட்டிவிடுவதும் அவ்வளவு தவறு.

தள்ளிவிடுவதன் விலை என்ன? முதலாவது, மருந்துக்கடை. சளி, காய்ச்சல் என்றால் சீட்டே இல்லாமல் அசித்ரோமைசினோ சிப்ரோஃபிளாக்சசினோ வாங்கிப் போடுவது நம் ஊர் வழக்கம். மயஸ்தீனியா இருப்பவர்களுக்கு இவை பலவீனத்தைத் திடீரென்று அதிகமாக்கக்கூடிய மருந்துகள். ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகளும், சிரை வழியாக ஏற்றும் மெக்னீசியமும் அப்படியே. நோய் இருப்பது தெரிந்தவர் கேட்டு வாங்குவார். 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லி அனுப்பப்பட்டவருக்கு எச்சரிக்கை கொடுக்க யாருமில்லை. மூச்சுத் தசை ஓய்ந்துபோய் வென்டிலேட்டரில் வைக்கும் நிலை வரும்போதுதான் சிலருக்கு நோயின் பெயரே தெரிகிறது. இரண்டாவது, தைமஸ் சுரப்பி. நெஞ்சுக்குள் இருக்கும் இந்தச் சுரப்பியில் மயஸ்தீனியா நோயாளிகளில் பத்தில் ஒருவருக்காவது கட்டி இருக்கும். நோயையே ஒப்புக்கொள்ளாதபோது ஸ்கேன் எடுப்பது யார்? கட்டி இருப்பவர்களுக்குச் சோதனை பெரும்பாலும் பாசிட்டிவாகவே வந்துவிடும் என்பது மட்டும் ஓர் ஆறுதல்.

மூன்றாவது, புதிய மருந்துகள். 2021 டிசம்பரில் அமெரிக்கா எஃப்கார்டிஜிமாட் என்ற மருந்தை அனுமதித்தபோது, ஆன்டிபாடி பாசிட்டிவ் ஆனவர்களுக்கு மட்டும் என்றது. ஜப்பானோ 2022-இல் அதே மருந்தை ஆன்டிபாடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. ஒரே நோய், ஒரே மருந்து; இரண்டு நாடுகள் ஒரு ரத்தக் குழாயை இரண்டு விதமாகப் படித்திருக்கின்றன. ஜப்பான் படித்ததுதான் 1976-இன் முதல் கட்டுரைக்கு நெருக்கமானது என்பது என் கட்சி. நம்மூரில் பெரும்பாலானோருக்கு அந்த விலையுயர்ந்த மருந்துகளைப் பற்றிய பேச்சே இல்லை. பைரிடோஸ்டிக்மின் மாத்திரையும், ஸ்டீராய்டும், அசதியோப்ரினும்தான் இங்கே முக்கிய வைத்தியம். அவை ஆன்டிபாடி ரிப்போர்ட்டைக் கேட்டு வேலை செய்வதில்லை. மஸ்க் வகையினருக்கு மட்டும் பைரிடோஸ்டிக்மின் சரியாகக் கேட்காமல் போகலாம், ரிட்டுக்சிமாப் நன்றாகக் கேட்கும். அதனால்தான் அந்த இரண்டாவது சீட்டு எழுதப்படுவது முக்கியம்.

இமை மாலையில் தொங்குகிறது, இரண்டிரண்டாகத் தெரிகிறது, சாப்பிடும்போது தாடை ஓய்கிறது என்பவர்கள் அது நடக்கும் நேரத்திலேயே கைப்பேசியில் படமோ வீடியோவோ எடுத்து வையுங்கள். காலையில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால், ஏ.சி. அறையில் இருக்கும் டாக்டருக்கு முந்திய நாள் மாலை தெரியும். முதல் சோதனை நெகட்டிவ் என்றால் மஸ்க் பார்க்கலாமா, ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாமா, முகத் தசையில் இ.எம்.ஜி. செய்யலாமா என்று கேளுங்கள். ஆரம்பத்தில் நெகட்டிவ் ஆகிப் பிறகு பாசிட்டிவ் ஆனவர்கள் உண்டு. கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் நரம்பியல் துறையும் முகப்பேரிலிருந்து ஒரு பேருந்துப் பயணத்தில் இருக்கின்றன.

விழுங்க முடியாமல் திணறினால், படுத்தால் மூச்சு வாங்கினால், ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேசி முடிக்க முடியாமல் போனால், ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.